மர டம்மிப் பயிற்சி உண்மையில் எதற்காக? வீட்டில் ஒன்று வைத்துக்கொள்வது தகுமா?

கேள்வி: செம்பூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் ஒரு சிறிய வகுப்பில் நானும் 14 வயதான என் மகளும் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்று வருகிறோம். முதல் வடிவமான சியூ நிம் தாவ் இருவருக்கும் ஓரளவு கைவந்துவிட்டது. இரண்டாவதான சம் கியூவை மகள் முடித்துவிட்டாள், நான் இன்னும் பாதியில் நிற்கிறேன். வகுப்பின் மூலையில் மூன்று கைகளும் ஒரு காலும் கொண்ட மர டம்மி ஒன்று இருக்கிறது. மூத்த மாணவர்கள் மட்டுமே அதைத் தொடுகிறார்கள். அது எதற்கு என்று மாஸ்டரிடம் கேட்டால், நேரம் வரும்போது தெரியும் என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அலுவலகத்தில் குத்துச்சண்டை பழகும் நண்பர் ஒருவர், திருப்பி அடிக்காத மரத்தோடு சண்டையிட்டு என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று கேலி செய்கிறார். வகுப்பில் வேறொருவரோ, முன்கை எலும்பை இரும்பாக்குவதற்கே அந்த மரம் என்கிறார். இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே தவறா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகள் தனக்கென ஒரு டம்மி வேண்டும் என்று விடாமல் கேட்கிறாள். நாங்கள் இருப்பது ஒரே படுக்கையறை கொண்ட வீடு, நான்காவது மாடி. கீழ்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தாலே மேலே வந்து மணியடிப்பவர். இந்த நிலையில் கூடத்தின் ஒரு மூலையை அந்த மரத்துக்குக் கொடுப்பது பயனுள்ள முடிவாகுமா?

பதில்: மாதுங்கா மாஸ்டர்

செம்பூர் நண்பருக்கு வணக்கம். டம்மியின் அமைப்பைச் சற்று நின்று கவனித்தாலே அதன் நோக்கத்தில் பாதி விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறத்தாழ 9 அங்குல விட்டமும் 5 அடி நீளமும் கொண்ட உருளைக் கட்டையில், மேலே இரண்டு கைகள், நடுவயிற்று மட்டத்தில் ஒரு கை, கீழே முழங்கால் மடங்கிய ஒரு கால் என நான்கு உறுப்புகள் செருகப்பட்டிருக்கும். கட்டை தரையில் நிற்பதில்லை; அதன் முதுகுப்புறம் மேலும் கீழுமாக ஊடுருவிச் செல்லும் இரண்டு குறுக்குச் சட்டங்களில் தொங்குகிறது. அந்தச் சட்டங்கள் சற்று வளைந்து கொடுக்கும் தன்மை உடையவை. ஆகவே உங்கள் விசை கட்டையின் நடுவை நோக்கிச் சென்றால் கட்டை சிறிது பின்வாங்கி உடனே திரும்பி வந்து உங்களைத் தள்ளும். விசை பக்கவாட்டில் சிதறினால் கட்டை சட்டத்தின் மேல் இடமோ வலமோ நழுவிவிடும். எதிராளியின் உடலை விட்டுவிட்டு அவர் கையைத் துரத்தும் கெட்ட பழக்கம் விங் சுன் மாணவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. அந்தப் பழக்கத்தைக் கண்ணுக்கு முன் காட்டிக்கொடுக்கும் கருவி இதைப்போல் வேறொன்று இல்லை.

அடுத்தது காலடி. மனிதரோடு பழகும்போது நம் நிலை பிசகினாலும் அவர் விட்டுக்கொடுத்து நகர்வதால் பிசகு மறைந்துவிடும். மரம் அப்படி நகராது. அதன் கால் உங்கள் வழியில் நிற்கிறது; அதன் கையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் அடியெடுத்து வைத்தால்தான் உங்கள் குத்து விலாப்பகுதிக்கு எட்டும். அரை அடி தள்ளி நின்றால் உங்கள் முழங்கை நீண்டு வலுவிழக்கும். நெருங்கி நின்றால் தோள் உயர்ந்து மடங்கும். நம் சங்கீதக்காரர்கள் சுருதிப் பெட்டியை வைத்துக்கொள்வதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இதற்கும்: அது பாடாது, ஆனால் நாம் விலகிப் பாடினால் மறைக்காமல் காட்டிவிடும்.

நான் மாணவர்களுக்குச் செய்துகாட்டும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். டம்மியின் மேற்கைகளில் சாதாரணக் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, தான் சாவ், போங் சாவ், பாக் சாவ் என்ற தடுக்கும் கை அசைவுகள் மூன்றையும் தொடர்ந்து செய்யச் சொல்வேன். பிறகு முன்கையில் படிந்த வெள்ளைத் தடத்தைப் பார்ப்போம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு விரல் அகலத்துக்குள் தடம் அடங்கியிருந்தால் அவருடைய கோணம் நிலைபெற்றுவிட்டது என்று பொருள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவு பூசியதுபோல் இருந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தொலைவில் நிற்கிறார் என்று பொருள். ஒலியும் ஒரு சான்று. கைகள் துளைகளுக்குள் சற்றுத் தளர்வாகச் செருகப்பட்டிருப்பதால் தொடும்போது கட்டென்று ஒலி எழும். இரு கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு ஒலிகள் தனித்தனியே கேட்டால், ஒரு கை சோம்பிப் பின்தங்குகிறது. காது கேட்டதைக் கண்ணாடியில் பார்த்து உறுதி செய்ய வேண்டிய தேவைகூட இல்லை.

விங் சுன் ஆசான் இப் மேனின் வழிவந்தவர்கள் டம்மி வடிவத்தை 116 அசைவுகளாக, 8 பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பிற கிளைகளில் எண்ணிக்கை மாறும், அதைப் பற்றிச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சூழலுக்குப் பொருந்தும் ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. பழைய வழக்கத்தில் டம்மியின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்து நட்டுவைப்பார்கள். ஃபோஷானில் 1893இல் பிறந்த இப் மேன், சீனாவில் ஆட்சி மாறிய காலத்தில் ஹாங்காங் வந்து சேர்ந்து, 1972இல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கேயே கற்பித்தார். அடுக்குமாடி வீட்டில் எதைத் தோண்டி நடுவது? ஆகவே சட்டத்தில் தொங்கும் வகையே அங்கு நிலைத்தது. நீங்கள் வகுப்பில் பார்க்கும் வடிவம் பரவியதற்கே இடநெருக்கடி மிகுந்த ஒரு நகரம்தான் காரணம் என்பதால், செம்பூரின் நான்காவது மாடி அதற்கு அந்நியமான இடம் அன்று.

எப்போது தொடங்குவது என்பதில் உங்கள் மாஸ்டர் பக்கமே நான் நிற்கிறேன், விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுவதை மட்டும் ஏற்கமாட்டேன். சம் கியூவில்தான் இடுப்பைத் திருப்புவதும் உடலோடு அடியெடுத்து வைப்பதும் வருகின்றன. அவை வராதவர் டம்மியின் முன் நின்றால் தோள் பலத்தால் மரத்தைத் தள்ளக் கற்றுக்கொள்வார். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றி எடுப்பது பெரும்பாடு. மகள் தொடங்கலாம். நீங்கள் இன்னும் சில மாதங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: அந்தேரி குத்துச்சண்டை

மாஸ்டர் மீது மரியாதை வைத்தே மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். செம்பூர் சார் குறிப்பிட்ட அலுவலக நண்பர் நான் இல்லை, ஆனால் அவர் கட்சியைச் சேர்ந்தவன்.

டம்மியின் கை நீட்டிய இடத்திலேயே நிற்கிறது. குத்துச்சண்டை பழகியவரின் கை அப்படி நிற்பதே இல்லை. ஜாப் என்ற நேர்க்குத்து போனதைவிட வேகமாகத் தாடைக்குத் திரும்பிவிடும். நின்றுகொண்டிருக்கும் கையைத் தொட்டு, விலக்கி, அதன் வழியே உள்ளே நுழையும் வரிசைகளைப் பல்லாயிரம் முறை பழகியவர், திரும்பிச் செல்லும் கையைப் பிடிக்கப் போய்த் தன் முகத்தைத் திறந்துவைப்பதை நான் பயிற்சி வளையத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீனாவில் சூ சியாதோங் என்ற கலப்புச் சண்டை வீரர் 2017இல் ஒரு தைச்சி ஆசிரியரைச் சில நொடிகளில் வீழ்த்திப் பரபரப்பை உண்டாக்கினார். அடுத்த ஆண்டே ஒரு விங் சுன் ஆசிரியரையும் பலமுறை தரையில் விழச் செய்தார். தோற்றவர்களுக்கு நுட்பம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எதிர்த்து நிற்கும் உடலோடு பழகிய நேரம் அவர்களிடம் போதவில்லை என்பதுதான் என் வாதம்.

ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியம், ஆபத்தான நுட்பங்களைக் கட்டற்ற பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, மீதமுள்ளவற்றை முழு எதிர்ப்போடு தினந்தோறும் பழகச் செய்தது. பொறுக்கி எடுத்த சில நுட்பங்களை உண்மையான எதிர்ப்பில் பழகுபவர், பல நுட்பங்களைக் கற்பனை எதிராளியிடம் பழகுபவரை வெல்வார் என்பதை ஜூடோ காட்டிவிட்டது. ஆகவே வாரத்துக்கு மூன்று மணி நேரமே கிடைக்கும் ஒரு குடும்பத்தலைவர் அந்த நேரத்தை ஆளோடு செலவிடுவதா, மரத்தோடு செலவிடுவதா என்று கேட்டால் என் பதில் தெளிவு.

யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் வீரர் டோனி ஃபெர்குசன் டம்மியில் பழகுவதைக் காட்டி வாதிடுபவர்கள் இதற்கு வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 12 சண்டைகளில் தொடர்ந்து வென்ற அந்த மனிதர் மல்யுத்தமும் ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலையும் முழுமையாகக் கற்றவர். அவருடைய வெற்றியை மரத்தின் கணக்கில் எழுத முடியாது.

பதில்: மாதுங்கா மாஸ்டர்

அந்தேரித் தம்பி சொன்னதில் பெரும்பகுதியை மறுக்க எனக்கு மனமில்லை. டம்மி நேரத்தைக் கற்றுத்தராது, அச்சத்தை அடக்கக் கற்றுத்தராது, கை திரும்பிப் போகும் கணத்தை உணரக் கற்றுத்தராது. இவற்றுக்காகத்தான் இருவர் முன்கைகளை ஒட்டிவைத்துப் பழகும் சி சாவ் இருக்கிறது, அதற்கும் அப்பால் கையுறை அணிந்த எதிர்ப்புப் பயிற்சி இருக்க வேண்டும். பல விங் சுன் வகுப்புகளில் இந்தக் கடைசிப் பகுதி இல்லாதது எங்கள் துறையின் குறை. டம்மியில் மட்டும் அழகாக ஆடுபவரை நான் நாட்டியக்காரர் என்றே அழைப்பேன், நாட்டியக்காரர்கள் மன்னிக்கட்டும்.

ஆனால் ஒப்பிடும் இடம் சரியில்லை. தம்பி டம்மியை எதிராளியோடு ஒப்பிடுகிறார். கயிறு தாண்டுவதோடும், மேலும் கீழும் ரப்பரில் கட்டிய பந்தோடும், தொங்கும் மூட்டையோடும் ஒப்பிட வேண்டும். கயிறும் திருப்பி அடிப்பதில்லை, இருந்தும் அதைக் கைவிடும் குத்துச்சண்டைக்காரர் இல்லை. ஓகினாவா கராத்தேவில் மக்கிவாரா என்ற அடிபலகை உண்டு. அடியில் தடித்து மேலே மெலிந்த பலகை ஆதலால், எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோமோ அவ்வளவு எதிர்ப்புக் கூடும். அது ஒரே குத்தின் விசையைச் சோதிக்கிறது. எங்கள் டம்மி அடிகளுக்கு இடையே உடல் எங்கே நிற்கிறது என்பதைச் சோதிக்கிறது. 1836இல் சான் ஹியூங் தொடங்கிய சோய் லி ஃபத் என்ற சீனச் சண்டைக்கலை மரபில் அசையும் உறுப்புகளும் எடைகளும் கொண்ட டம்மிகள்கூட உண்டு. திருப்பி அடிக்காத மரம் என்ற குறை பழையவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஆள் இல்லாத நேரத்துக்குத்தான் மரம். மும்பையில் ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவருக்கு அந்த நேரத்தில் எந்தத் துணைவர் கிடைப்பார்?

பதில்: சயான் பிசியோ

எலும்பைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், அதுவும் ஒரு சிறுமி தொடர்புடையது என்பதால்.

சுமை ஏறும் திசைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பது ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892இல் வெளியிட்ட கருத்து. இன்றும் அதன் சாரம் ஏற்கப்படுகிறது. ஆனால் அந்த மாற்றம் மாதக்கணக்கில் நடப்பது, அளவான சுமையால் நடப்பது. முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே, தசைப் போர்வை இன்றி ஓடுகிறது. விரலால் தடவிப் பார்த்தால் விளிம்பு முழுவதும் தட்டுப்படும். அந்த விளிம்பை மரத்தில் ஓங்கி மோதினால் முதலில் அடிபடுவது எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறை. அதில்தான் வலி நரம்புகள் மிகுதி. சிலர் வலி குறைந்துவிட்டதைக் கை உறுதிப்பட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். வலி பழகிப்போவதும் எலும்பு அடர்த்தி கூடுவதும் வெவ்வேறு. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுக்கு மேலே தொடர்ந்து அடிபட்டால் கட்டைவிரலின் பின்புறத்தில் மரத்துப்போதலோ எரிச்சலோ வரலாம். அங்கே உணர்ச்சி நரம்பின் ஒரு கிளை மேலாக ஓடுவதே காரணம். அப்படி வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். தைலம் தேய்ப்பது தோலுக்கும் தசைக்கும் இதமாக இருக்கலாம், எலும்பைக் கெட்டியாக்காது.

14 வயதில் மணிக்கட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டு பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாக மூடியிருக்காது. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் சிறுவர் சிறுமியருக்கு, கையை ஊன்றி மீண்டும் மீண்டும் எடை ஏற்றுவதால் இந்த இடத்தில் பாதிப்பு வருவது மருத்துவர்கள் நன்கறிந்தது. உள்ளங்கையால் கட்டையை ஓங்கி அடிக்கும் பகுதிகளை மகள் மென்மையாகத் தொட்டுச் செல்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். மாஸ்டர் சொன்ன கோணமும் தொலைவும் மென்மையான தொடுதலிலேயே தெரியும் என்று நினைக்கிறேன்; தவறாக இருந்தால் அவர் திருத்தலாம்.

பதில்: மாதுங்கா மாஸ்டர்

திருத்த எதுவும் இல்லை, டாக்டர் அம்மா. ஓங்கி அடிக்கும் மாணவரிடம் நான் முதலில் சொல்வதும் அதுவே.

பதில்: தாராவிப் பட்டறை

செம்பூர் அண்ணா, எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக மும்பையில் தச்சு வேலை செய்கிறது. டம்மி கேட்டு வருபவர்கள் சிலர் உண்டு என்பதால், வாங்கும்முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முழு மரத்துண்டைக் கடைசல் பிடித்துத் தருகிறோம் என்று சொல்பவரிடம், மரம் எத்தனை ஆண்டுகள் காய்ந்தது என்று முதலில் கேளுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது எங்கள் வாய்க்கணக்கு. 9 அங்குலக் கட்டைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். மரம் உலரும்போது வளையங்களின் வாட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே நடு நெஞ்சு உள்ளே இருக்கும் முழு உருளை எங்காவது ஓரிடத்தில் நீளவாக்கில் வெடித்தே தீரும். விவரமான தச்சர் பின்புறத்தில் நெஞ்சு வரைக்கும் ஒரு நீண்ட வெட்டுக் கொடுத்துவிடுவார். வெடிப்பு அங்கேயே அடங்கும், முன்பக்கம் தப்பிக்கும். பலகைகளைப் பசையிட்டு ஒட்டி உருட்டிய கட்டை இன்னும் நம்பகமானது. ஒட்டுக் கட்டை என்று முகம் சுளிக்க வேண்டாம்.

மும்பையில் நமக்கு ஒரு வசதி உண்டு. இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் பர்மா தேக்கு உத்திரங்கள் பழைய மரக் கடைகளில் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் கூரைக்கு அடியில் காய்ந்து வைரம் பாய்ந்த மரம், இனிமேல் அசையாது. ஆனால் உள்ளே பழைய ஆணிகள் தலை முறிந்து புதைந்திருக்கும். காந்தத்தை மேலே இழுத்துப் பார்த்து ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்த பிறகே இழைப்புளி வைக்க வேண்டும். இல்லையென்றால் கருவியின் வாய் போய்விடும், சில நேரம் ஆளின் கண்ணும்.

கைகளுக்குத் தேக்கு வேண்டாம். அடி வாங்கி வாங்கிச் சிராய் கிளம்பும். சீஷம் அல்லது நன்கு காய்ந்த கருவேலம் நல்லது, கணு இல்லாமல் இழை நுனி வரை நேராக ஓட வேண்டும். மேற்கைகள் இரண்டும் கட்டைக்குள் ஒன்றுக்குமேல் ஒன்றாகக் குறுக்கிட்டுப் போகின்றன. வெளியே நுனிகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமென்றால், ஒரு கையின் கழுந்தை, அதாவது துளைக்குள் செல்லும் முனையை, மேல்விளிம்போடும் மற்றதன் கழுந்தைக் கீழ்விளிம்போடும் ஒட்டிச் செதுக்க வேண்டும். இது தெரியாதவர் செய்த டம்மியில் ஒரு தோள் சரிந்தே இருக்கும். காலை ஒரே பலகையில் வளைவாக அறுத்து எடுத்தால் முழங்கால் இடத்தில் இழை குறுக்கே வெட்டுப்படும், அங்கேதான் ஒருநாள் ஒடியும். இயற்கையாக வளைந்த கிளையோ, முழங்காலில் கழுந்து போட்டு இணைத்த இரண்டு துண்டுகளோ வேண்டும். மழைக்காலத்தில் கைகள் துளைகளுக்குள் உப்பிச் சிக்கிக்கொள்ளும் என்பதால் கோடையில் சற்றுக் கூடுதல் தளர்வு விட்டுச் செய்வோம். வார்னிஷ் அடித்தால் வியர்வைக் கையில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் போதும்.

சுவரில் மாட்டுவதைப் பற்றி எச்சரிக்கை. புதிய கட்டடங்களில் இடைச்சுவர் பெரும்பாலும் இலேசான காற்றறைக் கல்லால் கட்டியது, அதில் போல்ட் நிற்காது, தினமும் ஆடினால் துளை பெரிதாகிக்கொண்டே போகும். தூணில் துளையிடச் சொசைட்டி சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. இரண்டு நான்கங்குலக் கால்களை அகலமான அடிப்பலகையில் பூட்டி, அதற்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் மேலே நான்கைந்து மணல் மூட்டைகளும் வைத்தால் சுவரைத் தொடாமலே நிற்கும். தரை வழியே கீழே இறங்கும் அதிர்வு இதனால் வெகுவாகக் குறையும். கட்டென்ற ஒலி வேறு. அது காற்றில் போவது. துளைக்குள் தோல் துண்டு ஒட்டினால் அடங்கும், ஆனால் மாஸ்டர் சொன்ன அந்த இரட்டை ஒலிச் சோதனையும் அதோடு போய்விடும். பிளாஸ்டிக் குழாயில் செய்தது மலிவு, எடை இல்லாததால் தொட்டவுடன் துள்ளும், ஒலியும் கூர்மையாக இருக்கும்.

பதில்: தாதர்வாசி

வழி மாறிப் போகாமல் ஒன்றைச் சேர்க்கிறேன். திருப்பி அடிக்காத மரத்தோடு பழகுவது சீனர்களுக்கு மட்டும் உரியதன்று. சிவாஜி பார்க் ஸ்ரீ சமர்த் வியாயாம் மந்திரில் மாலை வேளையில் மல்லகம்பம் பழகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் மல்யுத்த வீரர்களின் பயிற்சிக்காக அதை மீட்டு வளர்த்தார் என்பது மராட்டிய மரபுச் செய்தி. தரைக்கு மேல் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம் நிற்கும், மேலே போகப்போக மெலியும் கம்பத்தில் விளக்கெண்ணெய் பூசி, தொடையாலும் இடுப்பாலும் அதைக் கவ்விக்கொண்டே உடலைத் திருப்புவார்கள். நம் விழுப்புரம் பிள்ளைகளும் இதில் பெயர் பெற்றவர்கள். 2019 பிப்ரவரியில் முதல் உலகப் போட்டி இதே சிவாஜி பார்க்கில் நடந்தபோது வெளிநாட்டு அணிகளையும் பார்க்க முடிந்தது.

அங்கே கவனித்த ஒன்று உங்கள் விவாதத்துக்கு உதவும். மல்லனின் பிடிவலுவுக்கு உதவியாக இருந்த கம்பம் இன்று தனி விளையாட்டாகவே மாறிவிட்டது. அதில் தேர்ந்த பிள்ளைகளில் பலர் மல்யுத்தக் களத்தில் இறங்கியதே இல்லை, இறங்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. டம்மி வடிவத்தையும் அப்படித் தனிக்கலையாகப் பழக விரும்புபவர் தாராளமாகப் பழகலாம். தற்காப்புக்கு என்று சொல்லிக்கொண்டு அதை மட்டும் செய்வதில்தான் அந்தேரித் தம்பியின் கோபம் நியாயமாகிறது.

பதில்: செம்பூர்க்காரர்

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மகளிடம் எல்லாப் பதில்களையும் வாசித்துக் காட்டினேன். ஞாயிறுகளில் கையுறைப் பயிற்சி உள்ள ஒரு வகுப்பில் அவளும் நானும் சேர்வது, அதன்பின் சட்டம் பொருத்திய டம்மியைச் செய்யச் சொல்வது என்று பேசி முடித்தோம். அந்தேரித் தம்பிக்கு இதில் பாதி வெற்றி. மாஸ்டருக்கு ஒரே ஒரு கேள்வி: நான் ஐந்தடி ஒன்பது அங்குலம், மகள் ஐந்தடி ஓர் அங்குலம். ஒரே டம்மியை இருவரும் எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: மாதுங்கா மாஸ்டர்

மேற்கைகள் பழகுபவரின் தோள் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நிற்கும் கால்களில் குறுக்குச் சட்டத்தைத் தாங்கும் துளைகளை இரண்டு அங்குல இடைவெளியில் நான்கைந்து போடச் சொல்லுங்கள், தாராவிப் பட்டறைக்காரருக்கு அது பெரிய வேலையாக இருக்காது. கட்டையைத் தினமும் ஏற்றி இறக்குவது நடைமுறையில் ஓயாத வேலை என்பதால், மகளின் தோள் மட்டத்துக்கே பூட்டிவிடுங்கள். உயரமானவர் முழங்காலை மடக்கி நிலையைத் தாழ்த்திக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம், சம் கியூவில் தடுமாறும் உங்கள் கால்களுக்கு அதுவும் ஒரு பயிற்சி. குள்ளமானவர் தோளைத் தூக்கிச் சமாளித்தால் எல்லாக் கோணமும் கெடும். அவள் வளர வளரச் சட்டத்தை ஒவ்வொரு துளையாக மேலே மாற்றிக்கொள்ளலாம்.